‘ஃபைல் சிஸ்டம் இல்லை’ என்ற டிஸ்க்கில் அப்பாவின் கச்சேரிகள்

போன மே மாதம், சனிக்கிழமை ராத்திரி தூங்கி ஞாயிறு விடிவதற்குள், இரண்டு மணி சுமாருக்குத் திருவான்மியூரில் எங்கள் தெருவில் கரண்ட் போயிருக்கிறது. இன்வர்ட்டர் எடுத்துக்கொண்டது, ஃபேன் நிற்கவில்லை, அதனால் வீட்டில் ஒருவரும் புரண்டுகூடப் படுக்கவில்லை. காலையில் காபியோடு டிவி முன்னால் உட்கார்ந்த அப்பா கச்சேரி ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. “நேத்து ஏத்தினது மட்டும்னு நினைச்சேன்டா, எல்லாமே காணோம்” என்றார். குரலில் பதற்றம் இல்லை. நான் ஏதாவது ஒரு வயரைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

எங்கள் வீட்டு சர்வர் பெரிய விஷயம் இல்லை. ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் பலகை அடித்து வைத்திருக்கிறேன், உள்ளே அன்ரெய்ட் ஓடுகிறது, பல டிஸ்க்குகளைச் சேர்த்து வீட்டு சர்வராக நடத்தும் ஆபரேட்டிங் சிஸ்டம். நாலு டிஸ்க்: பேரிட்டிக்கு (ஒரு டிஸ்க் செத்தால் அதை மீட்கத் தேவையான கணக்கு) 8 டிபி, டேட்டாவுக்கு ஒரு 8, இரண்டு 4. ஒவ்வொரு டேட்டா டிஸ்க்கிலும் தனித்தனியாக எக்ஸ்எஃப்எஸ் (எந்த ஃபைல் எங்கே என்று கணக்கு வைக்கும் ஃபைல் சிஸ்டம்) இருக்கும், எனவே ஒன்று படுத்தால் மற்றவை தொடர்ந்து ஓடும். படுத்தது இரண்டாம் டிஸ்க், 4 டிபி, அதில் 2.6 டிபி நிரம்பியிருந்தது. முக்கால்வாசி, போனால் போகட்டும் என்கிற ரகம். மீதி 500 ஜிபி மட்டும் அப்பாவுடையது: நாற்பது வருஷமாக ரேடியோ பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த கச்சேரி காசெட்டுகள். மூன்று வருஷமாக ஒவ்வொன்றாக லேப்டாப்பில் ஓடவிட்டு ஆடாசிட்டி வழியாக வேவ் ஃபைலாக மாற்றி வந்தார். குடும்ப போட்டோக்களுக்கு இரண்டு இடத்தில் பேக்கப் உண்டு. காசெட்டுகளுக்கு ‘முழுசா முடியட்டும், மொத்தமா எடுத்துக்கலாம்’ என்று நான் சொல்லி வைத்திருந்தேன். மாற்றிய காசெட்டுகளில் பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துத் தூக்கிப் போட்டாயிற்று, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சர்வரின் பக்கத்தைத் திறந்தேன். இரண்டாம் டிஸ்க்குக்கு எதிரே பச்சைப் புள்ளி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட்டின் கட்டை விரல் மேலே பார்த்தபடி, எல்லாம் சுபம். ஆனால் அளவு காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘மவுன்ட் செய்ய முடியவில்லை: ஆதரிக்கப்படாத ஃபைல் சிஸ்டம், அல்லது ஃபைல் சிஸ்டமே இல்லை’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி. (மவுன்ட் என்றால் டிஸ்க்கை உபயோகத்துக்குத் திறப்பது.) கீழே ஒரு டிக் பெட்டி, பக்கத்தில் ஃபார்மட் பொத்தான். முதல் தடவை இதைப் பார்க்கிறவர்களுக்கு, டிஸ்க் காலி, ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். அதோடு ‘பேரிட்டிதான் இருக்கே, ஃபார்மட் பண்ணிட்டு அதிலிருந்து மீட்டுக்கலாம்’ என்ற தைரியமும் சேர்ந்தால் தீர்ந்தது கதை. ஃபார்மட்டும் டிஸ்க்கில் எழுதுவதுதான். எழுதுகிற ஒவ்வொன்றும் அந்தக் கணமே பேரிட்டிக்கும் போகும். அப்புறம் மீட்டால் நன்றாக ஃபார்மட் ஆன காலி டிஸ்க்தான் திரும்பி வரும்.

ராத்திரி சர்வர் திடீரென்று அணைந்து எழுந்ததால் பேரிட்டி செக் (டிஸ்க்குகளும் பேரிட்டியும் பொருந்துகின்றனவா என்ற சோதனை) தானாகவே ஓட ஆரம்பித்திருந்தது, அதை நிறுத்தினேன். அடுத்து, எதையும் தொடுவதற்கு முன் டயக்னாஸ்டிக்ஸ் ஜிப்பை இறக்கி லேப்டாப்பில் வைத்தேன். அன்ரெய்ட் பென் டிரைவிலிருந்து பூட் ஆகி ராமில் ஓடுவது, நடந்ததைக் குறித்து வைக்கும் லாகும் ராமில்தான். ‘எதுக்கும் ஒரு ரீஸ்டார்ட் போட்டுப் பார்ப்போம்’ என்றால் அந்த லாக் போய்விடும். அதில் இருந்த விஷயம் இவ்வளவுதான்: எக்ஸ்எஃப்எஸ் தன் சொந்த லாகை (செய்யப்போகும் மாற்றங்களை டிஸ்க்கிலேயே முன்கூட்டி எழுதி வைக்கும் குறிப்பு, மேலே சொன்ன லாக் வேறு) மீண்டும் ஓட்டப் பார்த்திருக்கிறது, நடுவில் ஃபைல்களைப் பற்றிய விவரம் இருக்கும் ஒரு மெட்டாடேட்டா பிளாக்கின் சிஆர்சி, அதாவது சரிபார்ப்பு எண், பொருந்தவில்லை, பிழை எண் 117 சொல்லி விட்டுவிட்டது. 117-க்கு லினக்ஸ் கொடுக்கும் விளக்கம் ‘ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்’. போகிக்கு முன்னால் அம்மா பரணைப் பார்த்துச் சொல்வது போலவே இருக்கும். ஆக, ஃபைல் சிஸ்டம் இருக்கிறது, உள்ளே ஏதோ கலைந்திருக்கிறது, அவ்வளவே.

மச்சானுக்குப் போன் போட்டேன், குரோம்பேட்டையில் இருக்கிறான், இதே மாதிரி ஒரு பெட்டி அவனிடமும் உண்டு. “மாமா, அந்த டிஸ்க்கைக் கழட்டிட்டு ரீபில்ட் குடுங்க, முடிஞ்சது” என்றான். பேரிட்டியை வைத்து டிஸ்க்கைப் புதிதாக எழுதச் சொல்வதுதான் ரீபில்ட். பேரிட்டி வேலை செய்யும் விதம் அப்படி இல்லை. எல்லா டேட்டா டிஸ்க்கிலும் ஒரே இடத்தில் இருக்கும் பிட்டுகளைக் கூட்டி, ஒற்றையா இரட்டையா என்று குறித்து வைப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பேரிட்டிக்குப் புள்ளி தெரியும், கோலம் தெரியாது. டிஸ்க் செத்துப்போனால் ஒரு புள்ளி விடாமல் திரும்ப வைத்துக் கொடுக்கும். கோலம் தப்பாகப் போட்டிருந்தால் அந்தத் தப்புக் கோலத்தையும் அப்படியே கொடுக்கும். இதை மச்சானிடம் ரொம்பப் பெருமையாகச் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு ஓட்டை இருந்தது, அது நாலு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமை அநேகக் கடைகள் மூடியிருக்கும். அது என்னைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும். கடை திறந்திருந்தால் புது டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து, அவசரத்தில் என்னவெல்லாம் செய்திருப்பேனோ. வேறு வழியில்லாமல் இரண்டாம் டிஸ்க்குக்கு ஸ்மார்ட்டின் நீளமான டெஸ்ட்டைப் போட்டுவிட்டு (4 டிபிக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்) அதன் எண்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். 5, 197, 198 மூன்றும் பூஜ்யம், அதாவது தட்டில் பழுது இல்லை. 199, சிஆர்சி பிழை எண்ணிக்கை, 17 என்று இருந்தது. இது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள கேபிள் சம்பந்தப்பட்டது, ஏறினால் இறங்காது. ஏறியபோதெல்லாம் சர்வர் எனக்குச் சொல்லித்தான் இருக்கிறது. நானும் ‘பார்த்துவிட்டேன்’ என்று அழுத்திவிட்டுத் தோசை சாப்பிடப் போயிருக்கிறேன்.

உண்மையைச் சொன்னது 12-ம் எண். டிஸ்க் எத்தனை தடவை அணைந்து எழுந்தது என்ற கணக்கு அது. இரண்டாம் டிஸ்க்கும் மூன்றாம் டிஸ்க்கும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் மாட்டியவை. மூன்றாவது 58 என்றது. இரண்டாவது 143. சர்வரை நான் அணைத்து எழுப்பியது, கரண்ட் போனது எல்லாம் அந்த 58-இல் அடங்கிவிடும். மிச்சம் 85 தடவை, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த ஒரு டிஸ்க் மட்டும் ஒரு கணம் மின்சாரம் இழந்து எழுந்திருக்கிறது.

இது ஏன் மோசம் என்றால், டிஸ்க்கிடம் எழுதச் சொன்னால் அது முதலில் தன் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வாங்கிக்கொண்டு ‘ஆச்சு’ என்று சொல்லிவிடும், தட்டில் எழுதுவது கொஞ்சம் பின்னால் நடக்கும். மொத்த சர்வரும் அணைந்தால் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு அது தெரியும், லாகைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். டிஸ்க் மட்டும் கண் சிமிட்டினால் கேஷில் இருந்தது போய்விடும், லினக்ஸின் மையமான கெர்னலோ இணைப்பை ரீசெட் செய்துகொண்டு, எழுதியதெல்லாம் எழுதியதுதான் என்று நம்பி மேலே போகும். அப்பா சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து நாலைந்து காசெட்டுகளை ஏற்றியிருந்தார். அந்த நேரத்தில் அப்படி ஒரு சிமிட்டல். ஃபோல்டர் விவரம் பாதி எழுதியும் பாதி எழுதாமலும் நின்றிருக்கிறது. ராத்திரி மொத்தமாக அணைந்து எழுந்து, மறுபடி மவுன்ட் ஆகும்போது குட்டு உடைந்தது. கரண்ட் போனது நடந்ததை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

அதே சமயம், இன்வர்ட்டர் இருந்தும் சர்வர் ஏன் அணைந்தது என்பது வேறு கதை. இன்வர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச், யூபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று இருக்கும். நார்மலில் மாறிக்கொள்ள எடுக்கும் நேரம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும், கம்ப்யூட்டர் பவர் சப்ளை அவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்காது, முழு லோடில் 16, 17 மில்லிசெகண்ட் தாங்கினால் பெரிசு. எங்கள் வீட்டு ஸ்விட்ச் மாட்டிய நாளிலிருந்து நார்மலில்தான் இருந்திருக்கிறது.

சர்வரை அணைத்துவிட்டுக் கேபினெட்டைத் திறந்தேன். பவர் சப்ளையில் டிஸ்க்குக்கான சாட்டா பின் போதாமல், பழைய நாலு பின் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒரு ஸ்ப்ளிட்டரைப் போட்டிருந்தேன், இரண்டாம் டிஸ்க் அதில் தொங்கியது. கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், இந்த ஊர் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி, கேட் கீல், சைக்கிள் செயின் எதுவும் இரண்டு வருஷம் தாங்குவதில்லை. அந்த மோலெக்ஸின் ஒரு பின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. விரலால் அசைத்தால் தளர்ந்து ஆடியது. 85 தடவை என்ன, 850 தடவை விட்டுப்போயிருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி, மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். கடைக்காரர் நான் கொண்டுபோன ஸ்ப்ளிட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த வார்ப்பு டைப் வேணாம் சார், உள்ள வயர் எப்படி நிக்குதுன்னே தெரியாது. எரிஞ்சு வந்ததெல்லாம் பாத்திருக்கேன்” என்று, வயரைத் தனியாகக் கடித்துப் பிடிக்கும் டைப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கூடவே சாட்டா கேபிள் ஒன்று. இரண்டும் சேர்த்து ஒரு ஹோட்டல் மீல்ஸ் விலைகூட இல்லை. வன்பொருளைச் சரிசெய்யாமல் ரிப்பேர் கட்டளையை ஓட்டியிருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் இன்னொரு தடவை கண் சிமிட்டியிருக்கும்.

அன்று ராத்திரி மச்சான் தன் சிசிடிவிக்கு என்று வாங்கி வைத்திருந்த 4 டிபி டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தான். அர்ரேயை (நாலு டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்பை) நிறுத்திவிட்டு, இரண்டாம் டிஸ்க்கை அப்படியே டிடி கட்டளையால் அதற்கு நகல் எடுத்தேன். எது மூலம், எது நகல் என்று மாறிப்போனால் அதோடு எல்லாம் முடிந்தது, அதனால் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் சத்தமாகப் படிக்கச் சொல்லி, திரையில் சரிபார்த்த பிறகே என்டர் தட்டினேன். எட்டரை மணி நேரம் ஓடியது.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலை நகலில். எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை -என் போட்டு ஓட்டினால் எதையும் மாற்றாது, என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும். ஏழு கட்டமாக ஓடும். மூன்றாம் கட்டத்தில் ஒரு ஃபோல்டரின் பிளாக் கெட்டிருப்பதாகச் சொன்னது, ஆறாம் கட்டத்தில் ‘தொடர்பில்லாத ஐநோட், லாஸ்ட்+ஃபவுண்டுக்கு மாற்றுவேன்’ என்று நிற்காமல் வரிகள். ஐநோட் என்பது ஒரு ஃபைலின் பதிவேடு, லாஸ்ட்+ஃபவுண்ட் என்பது இடம் தெரியாத ஃபைல்களைப் போட்டுவைக்கும் ஃபோல்டர். அடுத்து -என் இல்லாமல் ஓட்டினேன், மறுத்துவிட்டது: லாகில் மதிப்புள்ள மாற்றங்கள் இருக்கின்றன, முதலில் மவுன்ட் செய்து அதை ஓட்டிவிட்டு வா, மவுன்ட் ஆகாவிட்டால் மட்டும் பெரிய எல் போட்டு லாகை அழித்துக்கொள் என்றது. நிறையப் பேர் பயந்து நிற்கிற இடம் இது, பயப்பட வேண்டியதும்தான். லாகை அழித்தால் கடைசியாக நடந்த சில மாற்றங்கள் போகும். ஆனால் மவுன்ட் ஆகாதது அந்த லாக் ஓடாததால்தான், வேறு கதவு இல்லை. நகல் என்பதால் கை நடுங்காமல் -எல் போட்டேன். ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்தது. மவுன்ட் ஆனது. 2.6 டிபியும் இருந்தது.

ஒத்திகை சரியாக வந்ததால் அசலுக்குப் போனேன். அர்ரேயை மெயின்டெனன்ஸ் மோடில் (டிஸ்க்குகளை மவுன்ட் செய்யாமல்) எழுப்பி, இரண்டாம் டிஸ்க்கின் பக்கத்துக்குள் போனால் ஃபைல் சிஸ்டம் செக் இருக்கிறது. பெட்டியில் முன்கூட்டியே -என் இருக்கும், அதை எடுத்துவிட்டு -எல் போட்டால் போதும். டெர்மினலில்தான் செய்வேன் என்றால் எம்டி என்று தொடங்கும் பெயரில் ஓட்ட வேண்டும், எஸ்டி என்று தொடங்கும் நேரடிப் பெயரில் ஓட்டினால் பேரிட்டிக்குத் தெரியாமல் டிஸ்க் மாறிவிடும்.

டிஸ்க் பிழைத்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் ஃபோல்டரைத் திறந்தார், 214 கச்சேரி பெயரில்லாமல் இருந்தது.

எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஐநோட்டுக்குப் பெயர் கிடையாது. அளவு, தேதி, தரவு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயர் மட்டும் ஃபோல்டரில் எழுதியிருக்கும். கெட்டுப்போனது ஃபோல்டர், அதனால் உள்ளே இருந்த ஃபைல்கள் முழுசாகவும் பெயர்கள் மட்டும் இல்லாமலும் லாஸ்ட்+ஃபவுண்டில் வந்து விழுந்தன, ஒவ்வொன்றுக்கும் பெயர் அதன் ஐநோட் எண். வேவ் ஃபைலுக்குள்ளும் அப்பா ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் ஃபைலின் தேதி போகவில்லை. அப்பாவிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது, எந்தத் தேதியில் எந்தக் காசெட், எந்தப் பக்கம் என்று பால் கணக்கு மாதிரி எழுதியிருப்பார். அளவும் உதவியது: நிமிஷத்துக்குப் பத்து எம்பி சொச்சம், எனவே 90 நிமிஷக் காசெட்டின் ஒரு பக்கம் 476 எம்பி, 60 நிமிஷத்தினுடையது 318. தேதி வாரியாக அடுக்கி, நோட்டோடு சேர்த்துப் பார்த்ததில் இரண்டு சாயங்காலத்தில் 193 முடிந்தது. மிச்சம் 21, ஒரே நாளில் ஏற்றிய, நோட்டில் எழுத மறந்தவை.

அந்த 21-இல் பெரும்பாலானவற்றை அப்பா காதால் கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நான் ஒவ்வொன்றாக ஓடவிட, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ராகத்தைத் தம்பூராவோடு சேர்த்து நாலு விநாடியில் சொல்லிவிடுகிறார், அது பெரிசில்லை, ஒரே பாடகர் ஒரே தோடியைப் பத்துக் கச்சேரியில் பாடியிருப்பார். எந்த வருஷம் என்பதை வேறு எதிலோ பிடித்தார். “இது மந்தைவெளி வீடு. ரேடியோவை ஜன்னல் பக்கம் வெச்சிருந்தேன். குக்கர் கேக்குதா?” கேட்டது, ஆலாபனைக்குப் பின்னால் மூன்று விசில். அதே ஃபைலில் கொஞ்சம் தள்ளி ஒரு பெண் குரல், “காபி ஆறிடும், வாங்களேன்.” சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “இப்பவும் ஆறிக்கிட்டுதான் இருக்கு” என்றாள்.

வியாழக்கிழமை பேரிட்டி செக் ஓட்டினேன், திருத்தாமல் எண்ணிக்கை மட்டும் சொல்லும்படி. 8 டிபிக்குப் பதினாறு மணி நேரம். 1,312 இடத்தில் பொருந்தவில்லை என்றது. புது ஸ்ப்ளிட்டரும் சரியில்லையோ என்று வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் மச்சானிடம் பேசிய கோலப் பேச்சு ஞாபகம் வந்தது. எழுதியது எல்லாமே பேரிட்டிக்கும் போகும் என்று நானேதான் சொன்னேன். இரண்டாம் டிஸ்க் வாங்கிக்கொண்டு தொலைத்த எழுத்துகளைப் பேரிட்டி டிஸ்க் தொலைக்கவில்லை, அதற்கு நல்ல பின் கிடைத்திருந்தது. அப்படியென்றால், டிஸ்க்கில் அழிந்த புள்ளிகள் பேரிட்டியில் இருந்திருக்கின்றன. ரிப்பேர் செய்வதற்கு முன் இரண்டாம் டிஸ்க்கை அர்ரேயிலிருந்து எடுத்துவிட்டு, மெயின்டெனன்ஸ் மோடில் பேரிட்டி கணக்கிட்டுக் காட்டும் டிஸ்க்கின் மேல் -என் ஓட்டிப் பார்த்திருந்தால், 214 பெயர்களும் அங்கே அப்படியே இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. விவரமில்லாமல் மச்சான் சொன்ன வழி, இந்த ஒரு கேஸில், என் விவரத்தைவிட நல்ல வழி. இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

திருத்தும் செக்கை ஓட்டிப் பேரிட்டியைச் சரிசெய்தேன். இன்வர்ட்டர் ஸ்விட்ச் யூபிஎஸ் மோடுக்கு மாறி, மேலே டேப் ஒட்டியாயிற்று. சர்வருக்குத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ், யூஎஸ்பி கேபிளோடு. பேட்டரி குறைந்தால் சர்வர் தானே ஒழுங்காக அணையும். லாகைப் பென் டிரைவிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன், பென் டிரைவ் தேயும் என்பார்கள், தேயட்டும். 12-ம் எண்ணை மாதம் ஒரு தடவை நாலு டிஸ்க்குக்கும் பார்க்கிறேன், ஸ்ப்ளிட்டர் மாற்றிய பிறகு நான்கும் சேர்ந்தே ஏறுகின்றன. கச்சேரிகளைத் தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் ஃபைல்களாக மாற்றி, ராகம், பாடகர், வருஷத்தை ஃபைலுக்குள்ளேயே எழுதி, ஒரு நகலை வெளி டிஸ்க்கில் போட்டுத் தாம்பரத்தில் அக்கா வீட்டு பீரோவில் வைத்தாயிற்று.

மூன்று ஃபைலுக்கு மட்டும் இன்னும் எண்தான் பெயர். இரண்டு யார் பாடியது என்று அப்பாவுக்கே பிடிபடவில்லை. மூன்றாவதில் பாட்டே இல்லை, முதல் இருபது நிமிஷம் கேட்டோம், வெறும் காசெட் இரைச்சல். அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். “இருக்கட்டும்டா, 476 எம்பி இருக்கில்ல, கடைசில ஏதாவது வரும்” என்றார்.